சிறு பீர் ஆலையில் எரிவாயுக் கொப்பரை: தீ, காற்று, காவல்

சிறிய அளவில் பீர் காய்ச்சி விற்கத் தொடங்கும் எவரும் ஒரு கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லியாக வேண்டும்: மால்ட் சாற்றை எதைக் கொண்டு கொதிக்க வைக்கப் போகிறோம்? வழிகள் மூன்று. கொப்பரையின் அடியிலேயே எரிவாயுவைக் கொளுத்தலாம். தனியாக ஒரு நீராவிக் கொதிகலன் வைத்து, அந்த நீராவியைக் கொப்பரையின் இரட்டைச் சுவருக்குள் செலுத்தலாம். மின்சாரச் சூடேற்றிகளைச் சாற்றுக்குள் அமிழ்த்தலாம். எந்திரத்துக்கு மட்டும் விலை பார்த்தால், பெரும்பாலும் முதல் வழியே மலிவானது. அதனாலேயே பலர் அதைத் தேர்கிறார்கள். அப்படித் தேர்ந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகளும் மூன்று: கொதி வர மணிக்கணக்கில் ஆகிறது, பீரில் தீய்ந்த வாடை வருகிறது, கூடத்தில் நிற்க முடியவில்லை.

இவற்றைப் பர்னரின் குறைகளாகச் சொல்வது வழக்கம். நுணுகிப் பார்த்தால் முதலாவது வெப்பக் கணக்கின் பிழை; இரண்டாவது பாத்திரத்தின் பிழை; மூன்றாவது கட்டடத்தின் பிழை. எரிவாயுக் கொப்பரை அமைப்பது என்பது வெப்பம், உலோகம், வாயு, காற்று, பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் சேர்த்துத் திட்டமிடும் வேலை. அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நேரடி எரிவாயு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று முடிவுக்கு வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேரடித் தீ வந்த வழி

செங்கல் அடுப்பின் மேல் செப்புக் கொப்பரையை உட்கார வைத்து, அடியில் விறகோ நிலக்கரியோ எரித்துத்தான் ஐரோப்பிய பீர் ஆலைகள் நெடுங்காலம் இயங்கின. போஹீமியாவின் பில்சன் நகரில் 1842இல் யோசெஃப் க்ரோல் பொன்னிற லாகர் வகைப் பீரை முதன்முதலாகக் காய்ச்சியது அந்தக் காலத்தில்தான். அந்த ஆலையான பில்ஸ்னர் உர்குவெல் இன்றும் செப்புக் கொப்பரைகளை நேரடித் தீயில்தான் சூடேற்றுகிறது. எரிபொருள் மட்டும் எரிவாயுவாக மாறியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1869இல் தோன்றிய கலிடோனியன் ஆலையும், 2022இல் மூடப்படும்வரை, நேரடித் தீயில் கொதிக்கும் திறந்த செப்புக் கொப்பரைகளுக்குப் பெயர் பெற்றிருந்தது.

பெரிய ஆலைகள் இடையில் நீராவிக்கு மாறிவிட்டன. ஒரே கொதிகலன் எல்லாப் பாத்திரங்களுக்கும் வெப்பம் தரும், அளவாகத் திறந்து மூடலாம் என்பது காரணம். நேரடித் தீக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் சிறு ஆலைக்காரர்கள். 1978இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ரிங்வுட் ஆலையைத் தொடங்கிய பீட்டர் ஆஸ்டின், பின்னர் பல நாடுகளில் சிறு ஆலைகளை அமைத்துக் கொடுத்தார். வெளியே செங்கல் போர்த்தி, அடியில் வாயுத் தீ எரியும் கொப்பரை அவருடைய அமைப்பின் அடையாளம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 1986இல் பீர் விற்கத் தொடங்கிய கியரி ஆலை அந்த வழியில் வந்தது.

அமெரிக்காவில் இன்னொரு ஊற்றும் இருந்தது. வீட்டில் பீர் காய்ச்சுவதை 1978இல் கூட்டரசு சட்டப்பூர்வமாக்கியது. கொல்லைப்புறத்தில் வான்கோழி பொரிக்கப் பயன்படும் புரொப்பேன் அடுப்பில் காய்ச்சிப் பழகிய பலர், பிறகு அதே அடுப்பைப் பெரிதாக்கிக் கடைக்குள் கொண்டுவந்தார்கள். சிறு ஆலைகளின் எரிவாயுச் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. வெட்டவெளியில் காற்றுக்கும் புகைக்கும் கணக்கே வேண்டியதில்லை. நான்கு சுவருக்குள் வந்ததும் இரண்டுக்கும் கணக்கு வேண்டும்.

கொதி எதற்காக

முளைகட்டி உலர்த்திய பார்லியை (மால்ட்) சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து (இந்த ஊறலே மாஷ்) வடித்தெடுக்கும் இனிப்புச் சாறுதான் வோர்ட். அதை ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். கிருமிகள் சாவது இதில் ஒரு பங்குதான். ஹாப்ஸ் என்ற பூக்களில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாவது, புரதங்கள் திரண்டு அடியில் படிவது, சாறு இறுகுவது ஆகிய எல்லாம் கொதியில் நடப்பவை.

கொதியின் வேகத்தை நிர்ணயிப்பது வேறொன்று. வெளிறிய மால்ட்டில் எஸ்எம்எம் என்ற பொருள் இருக்கிறது. சூட்டில் அது உடைந்து, வேகவைத்த மக்காச்சோள வாடை உள்ள டைமெத்தில் சல்ஃபைடாக மாறுகிறது. 100 டிகிரியில் அந்த எஸ்எம்எம் பாதியாகக் குறையச் சுமார் 40 நிமிடம் ஆகும். உண்டான வாடை ஆவியோடு சேர்ந்து வெளியேறினால்தான் பீர் தப்பிக்கும். ஆகவே சாறு லேசாகக் குமிழிவிட்டால் போதாது. தளதளவெனக் கொதித்து, மணிக்கு 6 முதல் 10 விழுக்காடு ஆவியாக வேண்டும். உயரமான ஊர்களில் இந்தத் தேவை கூடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில் தண்ணீர் 95 டிகிரிக்குள் கொதித்துவிடும். கொதிநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினாலே எஸ்எம்எம் உடைய ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் பிடிக்கும். மைக்ரோப்ரூவரிகள் நிறைந்த பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கேயும் கொதிநிலை 97 டிகிரிதான். கொதிக்கும் நேரத்தை நிர்ணயிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

எத்தனை கிலோவாட் வேண்டும்

500 லிட்டர் பீர் தரும் ஆலையை எடுத்துக்கொள்வோம். கொதியில் ஆவியாவதும், ஆறும்போது கன அளவு சுருங்குவதும் சேர்த்தால், கொப்பரைக்குள் சுமார் 570 லிட்டர் சாறு இறங்க வேண்டும். அது வடிந்து வரும்போது 70 டிகிரி இருக்கும். அங்கிருந்து 100க்கு ஏற்ற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் ஆகும். சாற்றையும் தண்ணீராகவே கொண்டால் 570ஐ 4.18ஆலும் 30ஆலும் பெருக்கக் கிடைப்பது சுமார் 71,500 கிலோஜூல். மின்கட்டண வழக்கில் சொன்னால் 20 யூனிட். அரை மணியில் கொதி வர வேண்டுமானால் சாற்றுக்குள் 40 கிலோவாட் இறங்க வேண்டும்.

கொதி வந்த பிறகு தேவை சற்றுக் குறைகிறது. மணிக்கு 8 விழுக்காடு என்றால் 45 லிட்டர் ஆவியாக வேண்டும். கொதிநீர் ஒரு கிலோ ஆவியாக 2,257 கிலோஜூல் கேட்கும். கணக்கிட்டால் 28 கிலோவாட்.

இவை சாற்றுக்குள் போய்ச் சேர வேண்டிய வெப்பம். பர்னர் இதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும், ஏனெனில் தீயின் சூட்டில் ஒரு பகுதி புகையோடு போய்விடுகிறது. கவசம் எதுவும் இல்லாமல் இரும்புச் சட்டத்தின் மேல் கொப்பரையை வைத்து எரித்தால் மூன்றில் ஒரு பங்குகூடச் சில நேரம் உள்ளே போவதில்லை. சுற்றிலும் மூடிய தீயறையும், சூடான புகை கொப்பரையின் பக்கச் சுவரைத் தழுவிச் செல்லும் பாதையும் இருந்தால் பாதிக்கு மேல் கிடைக்கும். பாதி என்று கொண்டால் நமக்கு வேண்டியது 80 கிலோவாட் பர்னர். அமெரிக்கப் பட்டியல்களில் இதை மணிக்கு 2,73,000 பிடியூ என்று போட்டிருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கே கிடைக்குமென்றால் 120 கிலோவாட் வேண்டும். பர்னரைப் பெரிதாக்குவதா, கவசத்தைச் சீராக்குவதா என்றால் கவசத்தையே சீராக்க வேண்டும். பெரிய பர்னரின் கூடுதல் செலவு ஒவ்வொரு காய்ச்சலிலும் தொடரும்.

எரிபொருள் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. எல்பிஜி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 12.8 யூனிட் வெப்பம். அரை மணி ஏற்றம், ஒரு மணி கொதி இரண்டுக்கும் சேர்த்துப் பர்னர் எரிப்பது 96 யூனிட், அதாவது ஏழரைக் கிலோ. மாஷுக்கும் அலசுவதற்கும் 600 லிட்டர் தண்ணீரை 25இலிருந்து 78 டிகிரிக்கு ஏற்ற இன்னொரு 74 யூனிட், ஏறக்குறைய ஆறு கிலோ. இந்த ஆறு கிலோவைப் பெருமளவு மிச்சப்படுத்தலாம். கொதித்த சாற்றைத் தகட்டு வெப்பமாற்றியில் குளிர்விக்கும்போது எதிர்த்திசையில் ஓடும் தண்ணீர் 70 டிகிரிக்குச் சூடாகி வெளிவரும். அதைச் சாக்கடையில் விடாமல் வெந்நீர்த் தொட்டியில் சேமித்தால், அடுத்த காய்ச்சலுக்கு எட்டே டிகிரி ஏற்றினால் போதும். பர்னரில் எந்த மாற்றமும் இன்றிக் கிடைக்கும் மிகப் பெரிய சிக்கனம் இது.

அடிப்பிடிக்காத கொப்பரை

தீய்ந்த வாடைக்குக் காரணம் தீயின் அளவு மட்டுமன்று, அது அடித்தகட்டில் எவ்வளவு பரந்து விழுகிறது என்பதே முதன்மைக் காரணம். ஒரு மீட்டர் விட்டமுள்ள கொப்பரையின் அடிப்பரப்பு 0.785 சதுர மீட்டர். 40 கிலோவாட் அதில் சீராகப் பரவினால், 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகில் வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு 10 டிகிரிக்குள் நிற்கும். அதே 40 கிலோவாட் நடுவில் 0.2 சதுர மீட்டரில் மட்டும் குவிந்தால் வேறுபாடு 40 டிகிரியை நெருங்கும். செம்பு எஃகைப் போல் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால், அங்கே ஒரு மூலையில் விழும் சூடு தகடெங்கும் பரவிவிடும். பழைய ஆலைகள் செம்பைத் தேர்ந்ததற்கு இது நல்ல காரணம். எஃகில் அந்த வசதி இல்லை. ஆகவே தீயைத்தான் பரப்ப வேண்டும்.

சுத்தமான தகட்டில் சாறு நேரடியாகப் படும்வரை ஆபத்து குறைவு. கொதிக்கும் திரவமே தகட்டின் சூட்டை எடுத்துச் சென்றுவிடும். முந்தைய காய்ச்சலின் புரதப் படிவோ மால்ட் தூளோ தகட்டில் ஒட்டியிருந்தால் அது கம்பளிபோல் சூட்டைத் தடுக்கிறது; அதன் அடியில் தகட்டின் வெப்பம் ஏறுகிறது; படிவு கருகுகிறது; வாடை முழுக் கொப்பரைக்கும் பரவுகிறது. ஆகவே விதிகள் இரண்டு. சாறு அடித்தகட்டை மூடி ஒரு சாண் உயரமாவது ஏறும்வரை பர்னரைப் பற்றவைக்கக் கூடாது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் காரக் கரைசலால் அடித்தகட்டைப் பளிச்சென்று கழுவ வேண்டும்.

உயரத்திலும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள கொப்பரை 785 லிட்டர் கொள்ளும். 570 லிட்டர் ஊற்றினால் மேலே கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இடம் இருக்கும். இதற்குக் குறைந்தால் பொங்கி வழிவதைத் தவிர்க்க முடியாது. வடிகுழாய், வால்வு, வெப்பமானி ஆகியவை தீயின் பாதையில் வராதபடி அமைய வேண்டும். ரப்பர் வளையம் உள்ள எந்த வால்வும் தீயறையின் வெளிப்புறத்துக்கே உரியது.

பர்னர் வகைகள்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, வாயு பாயும் வேகத்தாலேயே காற்றை இழுத்துக்கொள்ளும் சாதாரண பர்னர். உணவகத்து அடுப்பின் பெரிய உருவம் இது. மலிவு, மின்சாரம் தேவையில்லை, பழுது பார்ப்பது எளிது. ஆனால் காற்றின் அளவு நம் கையில் முழுமையாக இல்லை. அறையின் காற்றழுத்தம் மாறினால் தீயின் போக்கும் மாறும். தேர்ந்தால், ஒரே ஒரு பெரிய முனை உள்ளதைத் தவிர்த்து, பல சிறு முனைகள் வட்டமாகப் பரந்திருப்பதைத் தேர வேண்டும்.

இரண்டாவது, விசிறியால் காற்றை அளந்து ஊதும் பர்னர். மூடிய தீயறையோடு சேர்த்துப் பொருத்தப்படும் இதில் காற்றும் வாயுவும் சரியான விகிதத்தில் கலக்கின்றன. தீ கட்டுக்குள் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் பெரும்பாலும் உடன் வருகின்றன. விலை கூடுதல், இரைச்சலும் உண்டு. 500 லிட்டருக்கு மேற்பட்ட கொப்பரைக்கு இதுவே தகுந்தது என்பது என் கருத்து.

மூன்றாவது, தீயைச் சாற்றுக்குள் அமிழ்ந்த குழாய்க்குள் எரிப்பது. நான்கு பக்கமும் சாறு சூழ்ந்திருப்பதால் வெப்பம் வீணாவது குறைவு. குழாயைச் சுற்றிப் படியும் கசடைக் கழுவுவது கடினம் என்பதும், சாறு குழாயை மூடாமல் தீ எரிந்தால் கருகல் உறுதி என்பதும் இதன் விலை.

வாயு வரும் வழி

குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கும் சிலிண்டர் எல்பிஜிக்கும் ஒரே பர்னரை அப்படியே பயன்படுத்த முடியாது. ஒரே கன அளவில் எல்பிஜியின் வெப்பம் இரண்டரை மடங்குக்கு மேல். முனையின் துளை அதற்கேற்பச் சிறுக்க வேண்டும், ரெகுலேட்டரும் மாற வேண்டும். இயற்கை எரிவாயுவுக்குத் துளையிட்ட பர்னரில் எல்பிஜியைச் செலுத்தினால் மஞ்சள் தீ எழும்பி, கரி படிந்து, கார்பன் மோனாக்சைடு பெருகும். தீ நீலமாக, முனையில் நிலைத்து எரிவதே சரியான அடையாளம்.

சிலிண்டரை நம்புகிறவர்கள் கவனிக்கத் தவறுவது ஆவியாகும் வேகம். 80 கிலோவாட் பர்னர் மணிக்கு ஆறு கிலோவுக்கு மேல் எல்பிஜி கேட்கும். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் வாயு, சுற்றியுள்ள காற்றின் சூட்டை வாங்கித்தான் ஆவியாகிறது. ஒரே சிலிண்டரிலிருந்து இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அது குளிர்ந்து, வெளியே வியர்த்து, பனி பூத்து, அழுத்தம் இறங்கிவிடும். பாதிக் கொதியில் தீ சோர்ந்துபோவதற்கு இதுவே காரணம்; பர்னரைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும் தீயருகே கொண்டுபோவதும் உயிருக்கு ஆபத்து. பல சிலிண்டர்களை ஒரே பொதுக்குழாயில் (மேனிஃபோல்ட்) இணைத்து, சுமையைப் பகிர்ந்துகொடுப்பதே முறை. சிலிண்டர் நிற்கும் இடம் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமாக, அருகில் சாக்கடையோ பள்ளமோ இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்தியாவில் உரிமம் இன்றி வைத்திருக்கக்கூடிய எல்பிஜியின் அளவு 100 கிலோ. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்துக்கு மேல் போனால் எல்லை தாண்டிவிடும். வணிக, தொழில் இடங்களில் சிலிண்டர் அமைப்புக்கென ஐஎஸ் 6044 என்ற தரக் குறியீடு இருக்கிறது. அமெரிக்காவில் என்எஃப்பிஏ 54, பிரிட்டனில் கேஸ் சேஃப் பதிவு பெற்ற ஆள் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கே ஆலை அமைந்தாலும் குழாய் இணைப்பு வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். இணைப்பு முடிந்ததும் அழுத்தச் சோதனையும், மூட்டுகள் தோறும் சோப்பு நுரைச் சோதனையும் முடித்த பிறகே வாயு திறக்கலாம்.

காற்று உள்ளே, புகை வெளியே

ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் காற்று வேண்டும். 80 கிலோவாட் பர்னர் மணிக்குக் குறைந்தது 80 கன மீட்டர் காற்றைத் தின்னும். நடைமுறையில் நூறைத் தாண்டும். அமெரிக்கக் குறியீட்டின்படி, வெளிக்காற்றுத் திறப்பு இல்லாமல் அறைக் காற்றையே நம்புவதானால் மணிக்கு 1,000 பிடியூவுக்கு 50 கன அடி இடம் வேண்டும். நம் பர்னருக்கு அது 380 கன மீட்டருக்கு மேல்: 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள கூடம். பெரும்பாலான சிறு ஆலைகளுக்கு அவ்வளவு இடம் இருப்பதில்லை. அப்படியானால் வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாக, மூடவே முடியாத இரண்டு திறப்புகள் வேண்டும். அதே குறியீட்டின்படி ஒவ்வொன்றிலும் 4,000 பிடியூவுக்கு ஒரு சதுர அங்குலம் தடையற்ற திறப்பு, நம் கணக்கில் 440 சதுர சென்டிமீட்டர். கொசுவலையும் கம்பித் தடுப்பும் அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கழித்த பிறகு நிற்க வேண்டிய அளவு இது.

இதோடு முடியவில்லை. மணிக்கு 45 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 75 கன மீட்டர் நீராவி எழும். அதை வெளியேற்ற மேலே ஒரு விசிறி வைப்பார்கள். ஆவியோடு சேர்த்து அந்த விசிறி அறைக் காற்றையும் இழுக்கும். அந்த அளவுக்குக் காற்று உள்ளே வர வழி இல்லையென்றால், அறையின் அழுத்தம் இறங்கி, புகைபோக்கியின் வழியே வெளியேற வேண்டிய புகை அதே வழியில் கூடத்துக்குள் திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் சோர்வும் கொதியின் வெக்கையால் வந்தவை என்று எண்ணிக்கொண்டு வேலை செய்பவர் மயங்கி விழுவார். இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. பர்னரையும் எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, கதவு சன்னல்களைச் சாத்தி, புகைபோக்கியின் வாயருகே ஊதுவத்தியைப் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுபட்டால் சரி. வெளியே தள்ளப்பட்டால், அன்றைய காய்ச்சலை நிறுத்திவிட்டுத் திறப்பைப் பெரிதாக்குங்கள். மனிதர் நிற்கும் உயரத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத கூடத்தில் பர்னரை எரிக்கவே கூடாது.

தீயின் புகைக்கும் சாற்றின் ஆவிக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஆவிக்குழாயின் சுவரில் குளிர்ந்து வழியும் நீர், நாம் துரத்திய வாடையைச் சுமந்துகொண்டு கொப்பரைக்கே திரும்பாதபடி, குழாயின் அடியில் ஒரு வளையத் தாழ்வாரம் அமைத்து அந்த நீரை வெளியே வடித்துவிட வேண்டும்.

தீயின் காவல்

எரிந்துகொண்டிருக்கும் தீ அணைந்து, வாயு மட்டும் தொடர்ந்து பாய்வதே மிகப் பெரிய ஆபத்து. சாறு பொங்கி வழிந்து பர்னரை நனைத்தாலே அது நடந்துவிடும். சிறு அடுப்புகளில் உள்ள தெர்மோகப்பிள், குளிர்ந்த பிறகுதான் வால்வை மூடும். அதற்கு அரை நிமிடமும் ஆகலாம். 80 கிலோவாட் பர்னர் அந்த அரை நிமிடத்தில் 25 லிட்டர் எல்பிஜியை வெளியே விடும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே எல்பிஜி வெடிக்கத் தயார். ஆகவே அந்த 25 லிட்டர் 1,200 லிட்டர் வெடிகலவையாக முடியும்.

இதனால்தான் மின்னணுக் காவல் கட்டாயம் என்கிறேன். முறையான அமைப்பில் பொத்தானை அழுத்தியதும் தீ வருவதில்லை. முதலில் விசிறி ஓடித் தீயறையில் தேங்கிய வாயுவை வெளியே தள்ளும். காற்றழுத்த ஸ்விட்ச், விசிறி உண்மையிலேயே ஓடுகிறது என்று உறுதி சொல்லும். பிறகு பொறி தட்டும். சிறு தீக்கான வால்வு திறக்கும். அந்தச் சிறு தீயின் ஊடாகப் பாயும் மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டத்தைக் கம்பி உணர்ந்த பிறகே முதன்மை வால்வு திறக்கும். மின்னோட்டம் அறுந்தால் சில நொடிகளுக்குள் வாயு அடைபடும். தானாக மீண்டும் திறக்காது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும், ‘அடிக்கடி அணைக்கிறது’ என்று சொல்லிக் கம்பி போட்டுக் கடத்திவிடும் ஆலைக்காரர் தம் தொழிலாளரின் உயிரோடு விளையாடுகிறார்.

இதனுடன் சேர வேண்டியவை: வரிசையாக இரண்டு சோலனாய்டு வால்வுகள், வாயு அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் நிறுத்தும் ஸ்விட்சுகள், சாறு குறைந்தால் தீயை வெட்டும் மட்ட உணரி, வெளிவாசல் அருகே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு முதன்மை வால்வு. வாயுக் கசிவுமானியின் இடம் வாயுவைப் பொறுத்தது. எல்பிஜி காற்றைவிடக் கனமானதால் தரையருகே. இயற்கை எரிவாயு இலேசானதால் கூரையருகே. இடம் மாறினால் கருவி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

முதல் காய்ச்சலுக்கு முன்

புதிய கொப்பரையில் முதலில் காய்ச்ச வேண்டியது தண்ணீர். 500 லிட்டர் ஊற்றி, சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, 50 டிகிரி ஏற எத்தனை கிலோ வாயு குறைகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வாங்கியது 29 யூனிட். நாலரைக் கிலோ குறைந்திருந்தால் எரிந்தது 57 யூனிட்டுக்கு மேல், திறன் பாதி. ஆறு கிலோவுக்கு மேல் போனால் கவசத்தில் குறை இருக்கிறது. இந்த ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஒப்பிட்டால், பர்னர் அடைத்துக்கொள்வதும் தகட்டில் கரி படிவதும் வாடையாக வெளிப்படும் முன்பே தெரியவரும்.

சாறு முதன்முறை கொதிக்கும் நேரத்தில் கொப்பரையை விட்டு யாரும் நகரக் கூடாது. 95 டிகிரி தாண்டியதும் புரதம் திரண்டு, மேலே பழுப்பு நுரை கெட்டியாகப் போர்த்திக்கொள்ளும். அடியில் எழும் ஆவிக்கு வழி கிடைக்காமல் நுரை மொத்தமாக உயரும். சில நொடிகளில் விளிம்பைத் தொடும். அப்போது பர்னரைத் தாழ்த்தி, குளிர்நீரைத் தெளித்தால் அடங்கும். நுரை உடைந்து, முட்டைத் திப்பிபோன்ற துணுக்குகள் சாற்றில் சுழலத் தொடங்கிய பிறகு முழுத் தீ வைக்கலாம். முதல் ஹாப்ஸைப் போடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

நீராவியும் மின்சாரமும்

மாற்று வழிகளோடு நேர்மையாக ஒப்பிடாமல் முடிவு சொல்லக் கூடாது. நீராவியில் தகட்டின் சூடு ஒரு வரம்புக்குள்ளேயே நிற்பதால் அடிப்பிடிப்பது அரிது. தீ தனி அறையில் எரிகிறது. மாஷ் தொட்டியையும் வெந்நீர்த் தொட்டியையும் அதே கொதிகலனே சூடேற்றும். எதிரே இருப்பவை முதலீடு, நீர் மென்மையாக்கும் கருவி, கொதிகலன் சட்டங்கள், பராமரிப்பு. நாளுக்கு இரண்டு மூன்று காய்ச்சல் எடுக்கும் ஆலைக்கு இந்தச் செலவு திரும்பக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு காய்ச்சலுக்குக் கிடைக்காது.

மின்சாரத்தில் புகை இல்லை, கசிவு இல்லை, வெப்பம் ஏறக்குறைய முழுவதும் சாற்றுக்கே போகிறது. ஆனால் அரை மணியில் கொதி வர 40 கிலோவாட் வேண்டுமென்றால், 415 வோல்ட் மும்முனை இணைப்பில் கொப்பரைக்கு மட்டும் 56 ஆம்பியர். அந்த இணைப்பு கிடைக்கிற ஊரில், 300 லிட்டர் வரையிலான ஆலைக்கு மின்சாரத்தையே பரிந்துரைப்பேன். அந்த அளவில் எரிவாயுவுக்குச் செய்ய வேண்டிய பாதுகாப்புச் செலவு, மிச்சமாகும் எரிபொருளைவிட அதிகம்.

சுவை பற்றிய வழக்கு ஒன்று மீதமிருக்கிறது. நேரடித் தீ சாற்றுக்குத் தனி நிறமும் மணமும் தருகிறது என்பார் ஒரு சாரார். பில்சனைச் சான்று காட்டுவார்கள். கூடுதல் சூடு பீரை விரைவில் பழசாக்கும் என்பார் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் வினைபுரிவதால்தான் அந்த நிறமும் மணமும். அதே வினை மிஞ்சினால் பீரின் ஆயுள் குறையும். ஆனால் பில்சனின் சுவையில் செம்பும், மாஷின் ஒரு பகுதியை மூன்று முறை தனியே கொதிக்க வைத்துச் சேர்க்கும் முறையும், ஊரின் மென்னீரும் பங்காளிகள். எரிவாயு பர்னர் வாங்கினால் அந்தச் சுவை வந்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. சுவைக்காக நேரடித் தீயைத் தேர்வதும் சரியன்று, சுவைக்குப் பயந்து விலக்குவதும் சரியன்று.

முடிவு

500 முதல் 1,000 லிட்டர் வரையிலான கொப்பரை, வாரத்துக்குச் சில காய்ச்சல், நம்பகமான எரிவாயு வரத்து, வெளிச்சுவரும் கூரையும் சொந்தக் கட்டுப்பாட்டில் உள்ள கூடம்: இவை நான்கும் இருந்தால் எரிவாயு நேரடித் தீ நல்ல தேர்வு. வாடகைக் கட்டடத்தில் புகைபோக்கிக்கு இடம் தர உரிமையாளர் மறுத்தால், அந்த இடத்தில் எரிவாயுக் கொப்பரையே வேண்டாம். அளவைக் குறைத்து மின்சாரத்துக்குப் போங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். தொடங்க இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கொப்பரைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், புகைபோக்கிக்கும் காற்றுத் திறப்புக்கும் தீக்காவல் கருவிகளுக்கும் விலைப்பட்டியல் வாங்குங்கள். மொத்தப் பணத்தில் முதல் பங்கை அவற்றுக்கு ஒதுக்குங்கள். மீதிக்கு எவ்வளவு பெரிய கொப்பரை வருமோ, அதுவே உங்கள் ஆலையின் சரியான அளவு.